கோட்டக்குப்பத்து வீடும் கடல்கடந்த சொத்தும்: வாரிசின் கைக்குச் சேர வழி என்ன?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்து உப்பளங்களை விட்டுத் தெற்கே வந்தால், புதுச்சேரிக்குள் நுழையும் முன் வரும் தமிழ்நாட்டு ஊர் கோட்டக்குப்பம். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். 2021இல் நகராட்சியானது. முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் ஊர். 1954 நவம்பர் 1 வரை பக்கத்துப் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. இங்கே தென்னார்க்காடு மாவட்ட நிர்வாகம். அந்த அண்டை உறவால்தான் இவ்வூராருக்குப் பிரெஞ்சு தேசம் பழக்கமானது. இந்தோசீனா, பிரான்ஸ், பிறகு சிங்கப்பூர், வளைகுடா என்று சபர் (பிழைப்புக்காக வெளிநாட்டுப் பயணம்) போன குடும்பங்கள் இங்கே நிறைய.

அப்படிப்பட்ட குடும்பம் ஒன்றின் சொத்துப் பட்டியலை நினைத்துப் பாருங்கள். கோட்டக்குப்பத்தில் வீடு, புதுச்சேரியில் ஒரு கடை, மரக்காணம் பக்கம் கொஞ்சம் நிலம், பாரிஸ் புறநகரில் ஓர் அடுக்குமாடி வீடு, துபாயில் ஒரு வங்கிக் கணக்கு. சொந்தக்காரர் உயிரோடு இருக்கும்வரை இதெல்லாம் ஒரே குடும்பத்துச் சொத்து. அவர் கண்மூடிய மறுநாள் முதல் இவை தனித்தனி நிர்வாகங்கள், தனித்தனி அலுவலகங்கள், தனித்தனி காலக்கெடுக்களுக்குள் போய்விடுகின்றன.

யாருக்கு எத்தனை பாகம் என்பது முஸ்லிம் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் தெரிந்ததுதான். தெரியாதவர்களுக்கு மார்க்க அறிஞரான ஆலிம் ஒருவர் அரை மணி நேரத்தில் கணக்குப் போட்டுத் தந்துவிடுவார். அந்தப் பாகத்தைக் கையில் வாங்குவதில்தான் பாடு இருக்கிறது. அந்தப் பாட்டில் கூடுதலாகத் தவிப்பவர்கள் விதவைகளும், கட்டிக்கொடுத்த பெண்களும், தகப்பனை இழந்த பேரப்பிள்ளைகளும். சொத்துத் திட்டம் என்பது பணக்காரர்களின் வரிக் கவலை என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். யாருக்கு எது போக வேண்டுமோ அது அலைச்சல் இல்லாமல் போய்ச் சேர, உயிரோடு இருக்கும்போதே வழி போட்டு வைப்பதுதான் அது.

ஒரே குடும்பம், நான்கு கணக்கு

ஒருவர் இறக்கிறார். தாய், மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் இருக்கிறார்கள். உயில் இல்லை. அவரது சுய சம்பாத்தியத்தை 120 பங்காக வைத்துக்கொள்வோம்.

முஸ்லிம் சட்டப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 15 பங்கு. தாய்க்கு ஆறில் ஒன்று, 20. மீதி 85இல் மகன்களுக்குத் தலா 34, மகளுக்கு 17. இவரே இந்துவாக இருந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஐந்து பேரும் முதல் வகுப்பு வாரிசுகள், ஆளுக்கு 24. கிறிஸ்தவராக இருந்தால், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒன்றான 40 பங்கு, மீதி 80 மூன்று பிள்ளைகளுக்கும் சமம், தாய்க்கு ஒன்றுமில்லை. பிரெஞ்சுச் சிவில் சட்டப்படி, பிள்ளைகள் அனைவரும் இந்தத் தம்பதிக்கே பிறந்தவர்கள் என்றால், மனைவி நான்கில் ஒன்றை உரிமையாகவோ அல்லது முழுச் சொத்தின் ஆயுள்கால அனுபோகத்தையோ தேர்ந்துகொள்ளலாம். நான்கில் ஒன்றை எடுத்தால் மனைவிக்கு 30, பிள்ளைகளுக்குத் தலா 30. தாய்க்கு இங்கேயும் ஒன்றுமில்லை.

தாய்க்கு ஒரு சட்டத்தில் 20, இன்னொன்றில் 24, மற்ற இரண்டில் சைபர். மகளுக்கு 17 முதல் 30 வரை. எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை இறந்தவரின் மதம் மட்டும் முடிவு செய்வதில்லை. அவர் எந்த நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்தார், சொத்து அசையும் பொருளா, நிலமா, அது எந்த மண்ணில் இருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. இந்திய நீதிமன்றங்கள் இங்குள்ள நிலத்துக்கும் வீட்டுக்கும் இங்குள்ள சட்டத்தையே பார்க்கும். வெளிநாட்டு வீட்டுக்கு அந்த நாட்டு விதிதான் முதல் பேச்சு.

இங்கே இருக்கும் கருவிகள்

முஸ்லிம்களின் வாரிசுரிமைக்கு இந்தியாவில் அடிப்படை 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம். விவசாய நிலத்தை அது முதலில் விலக்கி வைத்தது. சென்னை மாகாணம் 1949இல் திருத்தம் கொண்டுவந்து அந்த விலக்கை நீக்கியது. ஆகவே தமிழ்நாட்டில் நன்செய், புன்செய் நிலத்திலும் மகளுக்குப் பாகம் உண்டு. "நிலத்தில் பெண்பிள்ளைக்குப் பங்கில்லை" என்று யாராவது சொன்னால் அதற்குச் சட்டத்தின் ஆதரவு கிடையாது.

வஸிய்யத் என்கிற உயிலுக்கு இரண்டு வரம்புகள் உண்டு. அடக்கச் செலவும் கடனும் போக மிஞ்சும் சொத்தில் வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுதியது செல்லாது. சுன்னி சட்டப்படி, ஏற்கெனவே வாரிசாக இருப்பவருக்கு உயில் எழுதினால், இறப்புக்குப் பின் மற்ற வாரிசுகள் சம்மதித்தால்தான் அது செல்லும். இந்த மூன்றில் ஒரு பங்கைப் பெரும்பாலோர் பயன்படுத்துவதே இல்லை. ஆனால் அதற்கு மிக அவசியமான ஓர் இடம் உண்டு. மகன் ஒருவர் தந்தைக்கு முன்பே இறந்துவிட்டார். தந்தைக்கு வேறு மகன் இருக்கிறார். அப்போது இறந்த மகனின் பிள்ளைகளுக்குப் பாட்டனார் சொத்தில் பாகம் வராது. எகிப்து 1946இல் கட்டாய வஸிய்யத் சட்டம் கொண்டுவந்தும், பாகிஸ்தான் 1961இல் குடும்பச் சட்ட ஆணை வழியாகவும் இந்தக் குறையைத் தீர்த்தன. இந்தியாவில் அப்படிச் சட்டம் இல்லை. அந்தப் பிள்ளைகள் வாரிசு இல்லை என்பதாலேயே அவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு வரை உயில் எழுத முழு உரிமை உண்டு. யாருடைய சம்மதமும் தேவையில்லை. யத்தீம் பேரப்பிள்ளைகள் இருக்கும் பாட்டனாரும் பாட்டியும் தள்ளிப்போடாமல் செய்ய வேண்டிய காரியம் இது.

அடுத்தது ஹிபா என்கிற கொடை. கொடுக்கிறேன் என்ற அறிவிப்பு, பெற்றுக்கொண்டேன் என்ற ஏற்பு, சுவாதீனம் ஒப்படைப்பு ஆகிய மூன்றும் இருந்தால் அது முழுமை பெறும். எழுத்தில் இருந்தாலும் பதிவு செய்துதான் ஆக வேண்டும் என்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் ஹஃபீஸா பீபி வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் பட்டா மாற்றவும், வில்லங்கச் சான்றில் பெயர் ஏறவும், நாளை வங்கிக்கோ வாங்குபவருக்கோ காட்டவும் பதிவுப் பத்திரம் வேண்டும். தமிழ்நாட்டில் குடும்பத்தினருக்குள் எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட உச்சவரம்பு முறையே 40,000 ரூபாய், 10,000 ரூபாய். புதுச்சேரிக் கடைக்கு அங்குள்ள பதிவு அலுவலகம், அங்குள்ள கட்டணம்.

உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடுவதில் ஓர் அபாயமும் உண்டு. கொடுத்தபின் பெரியவர்கள் கைவிடப்படலாம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007இன் 23ஆம் பிரிவு இதற்காகவே வந்தது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்துவிட்டு அது மீறப்பட்டால், தீர்ப்பாயத்தில் முறையிட்டுப் பத்திரத்தை ரத்து செய்யலாம். அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே வெளிப்படையாக எழுதி வைப்பது நல்லது. மரணப் படுக்கையில் கொடுத்த ஹிபாவுக்கு உயிலின் வரம்பே பொருந்தும் என்பதையும் மறக்கக் கூடாது.

சொத்தின் பயன் குடும்பத்தாருக்குப் போகும்படி செய்யும் குடும்ப வக்பு இன்னொரு வழி. பிரிவி கவுன்சில் 1894இல் அதைச் செல்லாது என்றது. பெரும் எதிர்ப்புக்குப் பின் 1913ஆம் ஆண்டுச் சட்டம் அதை மீட்டது. 2025ஆம் ஆண்டு வக்பு திருத்தச் சட்டம், பெண்கள் உள்ளிட்ட வாரிசுகளின் உரிமையைப் பறிக்கும்படி குடும்ப வக்பு செய்ய முடியாது என்று சொல்கிறது.

'பவர்' பத்திரமும் நாமினியும்

சபர் போனவர்களின் குடும்பங்கள் அதிகம் நம்புவது பவர் பத்திரத்தை. தம்பிக்கோ மைத்துனருக்கோ பவர் கொடுத்துவிட்டால் எல்லாம் நடக்கும் என்று நினைக்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி, பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் அவரோடு முடிந்தது. அதன்பின் அதை வைத்து விற்ற விற்பனைகள் வழக்கில் போய் நிற்கும். வெளிநாட்டில் எழுதிய பவருக்கு, அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்பதும் பலர் தவறவிடும் விதி.

நாமினி விஷயத்திலும் இதே மயக்கம். நாமினி என்பவர் பணத்தை வாங்கி உரியவர்களிடம் சேர்ப்பவர். வாரிசுரிமையை அவர் மாற்றிவிடுவதில்லை. ஆயுள் காப்பீட்டில் 1984இல் சர்பதி தேவி வழக்கிலும், கம்பெனிப் பங்குகளில் 2023 டிசம்பரில் சக்தி யெஸ்தானி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பின் மனைவி, கணவர், பிள்ளைகள், பெற்றோர் நாமினியானால் அவர்களுக்கே பயனுரிமை உண்டு. வங்கிக் கணக்கில் 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நாமினி போடலாம். நாமினி இருந்தால் பணம் சீக்கிரம் கைக்கு வரும். யார் பணம் என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. 10 ஆண்டுகள் யாரும் கேட்காத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அப்படிக் கிடக்கும் பணத்தைத் தேட 2023 ஆகஸ்டில் 'உத்கம்' இணையதளம் வந்தது. வீட்டில் இறந்தவர்களின் பெயரைப் போட்டு ஒருமுறை தேடிப் பார்க்கலாம்.

பிரான்ஸ் பக்கம்

புதுச்சேரியின் சட்டபூர்வ ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் நடந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள 6 மாதம் அவகாசம் தரப்பட்டது. இன்று புதுச்சேரி வட்டாரத்தில் பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் சொல்தாக்களின் (பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின்) குடும்பங்களும், பிரெஞ்சுப் பிரஜைகளை மணந்த குடும்பங்களும் இருப்பதற்கு அதுவே வேர். பிரான்ஸில் வாரிசுக் காரியத்தை நொத்தேர் என்னும் சட்ட அலுவலர் கவனிக்கிறார். வீடு இருந்தால் நொத்தேர் இல்லாமல் பெயர் மாறாது.

2015 ஆகஸ்ட் 17 முதல் நேர்ந்த இறப்புகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 650/2012 ஒழுங்குமுறை பொருந்துகிறது. இறந்தவர் கடைசியாக வழக்கமாக வாழ்ந்த நாட்டின் சட்டமே அடிப்படை. உயிலில் தன் குடியுரிமை நாட்டின் சட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும் இடம் உண்டு. பாரிஸில் வாழும் இந்தியக் குடிமகன் இந்தியச் சட்டத்தைக் கேட்கலாம். கோட்டக்குப்பத்தில் வாழும் பிரெஞ்சுக் குடிமகன் பிரெஞ்சுச் சட்டத்தைக் கேட்கலாம். எதுவும் எழுதாமல் போனால், கோட்டக்குப்பத்தில் இறந்தவருக்கு இந்தியச் சட்டத்திலிருந்து கணக்கு தொடங்கும். நிலத்துக்கும் வீட்டுக்கும் அது இருக்கும் இடத்துச் சட்டம் என்பது இந்திய விதி என்பதால், பாரிஸ் வீட்டின் கணக்கு மறுபடி பிரான்ஸுக்கே திரும்பவும் கூடும்.

வழக்கமாக வாழ்ந்த நாடு எது என்பதே பெரிய சண்டையாகலாம். பிரெஞ்சுப் பாடகர் ஜானி ஹாலிடே 2017 டிசம்பரில் இறந்தார். கலிபோர்னியச் சட்டப்படி எழுதிய உயிலில் மூத்த பிள்ளைகள் இருவரையும் ஒதுக்கியிருந்தார். அவர் அதிக நாள் எங்கே இருந்தார் என்பதைக் காட்ட இன்ஸ்டாகிராம் பதிவுகள்கூடச் சான்றாக வந்தன. 2019 மே மாதம் நான்தேர் நீதிமன்றம், அவர் பிரான்ஸில்தான் வாழ்ந்தார், வழக்கை விசாரிக்கத் தனக்கே அதிகாரம் என்றது. ஆண்டில் பாதி அங்கும் பாதி இங்கும் இருக்கும் நம் ஓய்வூதியர்களுக்கும் இதே கேள்வி எழும்.

பிரெஞ்சுச் சட்டத்தில் பிள்ளைகளைத் தள்ளிவைக்க முடியாது. ஒரு பிள்ளை என்றால் சொத்தில் பாதி, இருவர் என்றால் மூன்றில் இரண்டு, மூவர் அல்லது அதற்கு மேல் என்றால் நான்கில் மூன்று அவர்களுக்கென்று ஒதுங்கியது. அந்நியச் சட்டம் இப்படிப் பாதுகாப்புத் தராவிட்டால், பிரான்ஸில் உள்ள சொத்திலிருந்து பிள்ளைகள் ஈடு கேட்கலாம் என்ற விதி 2021 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கே தன் கையாலேயே முழுக்க எழுதி, தேதியிட்டு, கையெழுத்துப் போட்ட உயில் செல்லும்; தட்டச்சு செய்து கையெழுத்து மட்டும் போட்டால் அந்த வகையில் செல்லாது.

வளைகுடா, சிங்கப்பூர்

வளைகுடா நாடுகளில் முஸ்லிம்களுக்குப் பாகக் கணக்கு ஏறக்குறைய இங்குள்ளதே. தாமதம் காகிதத்தால் வருகிறது. இறந்த செய்தி எட்டியதும் வங்கிக் கணக்கு முடங்கும். வேலை முடிவுப் பணிக்கொடையும் நிற்கும். அங்குள்ள நீதிமன்றத்தின் வாரிசு ஆணை கிடைத்த பிறகே பணம் நகரும். அதற்கு இங்கிருந்து தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் போக வேண்டும். பிரான்ஸும் சிங்கப்பூரும் அயல்நாட்டு ஆவணங்களை ஏற்பதற்கான அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால் அந்த ஒரு முத்திரை போதும். ஐக்கிய அரபு அமீரகமும் குவைத்தும் அதில் இல்லை. அங்கே காட்ட, வெளியுறவுத் துறைச் சான்றுக்குப் பின் தூதரகச் சான்றும் வேண்டும். சிங்கப்பூரில் முஸ்லிம்களுக்கு ஷரீஅத் நீதிமன்றமே வாரிசுச் சான்றிதழ் தருகிறது. அங்குள்ள மத்திய சேமநிதிப் பணம் மட்டும் நாமினிக்கு நேரே போகும். நாமினி போடாவிட்டால் அரசுப் பொது அறங்காவலர் வழியாக வரும்.

இந்த அலைச்சலில் பெரிய முட்டுக்கட்டை பெயர். பிரெஞ்சு ஆவணத்தில் குடும்பப் பெயர் தனி, இடுபெயர் தனி. இந்தியப் பத்திரத்தில் தகப்பன் பெயரின் முதலெழுத்து. ஒரே முகம்மது பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் ஒரு விதம், ஆங்கிலத்தில் ஒரு விதம், பட்டாவில் தமிழில் வேறு விதம். இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவருடையவையே என்று நிரூபிக்க இறந்தவர் வரமாட்டார். உயிரோடு இருப்பவர் அதற்கான உறுதிமொழிப் பத்திரத்தை இன்றே செய்து வைத்துக்கொள்ளலாம்.

வரியும் பணப் பரிமாற்றமும்

இந்தியாவில் இறப்புவரி இருந்தது. 1953இல் வந்தது, 1985 மார்ச் 16 முதல் நிகழ்ந்த இறப்புகளுக்கு நீங்கியது. சிங்கப்பூர் 2008 பிப்ரவரியில் நீக்கியது. பிரான்ஸில் வரி உண்டு. கணவன் மனைவிக்குள் 2007 முதல் விலக்கு. பெற்றோர் ஒவ்வொருவரிடமிருந்தும் பிள்ளைக்கு 1,00,000 யூரோ வரை வரியில்லை. அதற்கு மேல் 5 முதல் 45 சதவீதம். அண்ணன் மகனுக்கோ அக்காள் மகளுக்கோ விட்டால் 55 சதவீதம். பிரான்ஸில் இறந்தால் 6 மாதத்துக்குள், வெளிநாட்டில் இறந்தால் 12 மாதத்துக்குள் கணக்குக் காட்ட வேண்டும். கடந்த 10 ஆண்டில் 6 ஆண்டாவது பிரான்ஸில் குடியிருந்து இப்போதும் அங்கே இருக்கும் மகன், கோட்டக்குப்பத்தில் தகப்பனிடமிருந்து பெறும் வீட்டையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். இது தெரியாமல் இருந்துவிட்டு அபராதத்தோடு கட்டுவது வீண்.

அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டு இந்தியர் விவசாய நிலம் வாங்க முடியாது. இங்கே குடியிருந்தவரிடமிருந்து வாரிசாகப் பெறலாம். அதை இந்தியாவில் குடியிருக்கும் இந்தியருக்கே விற்க முடியும். வாரிசுச் சொத்து விற்ற பணத்தை ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். மரக்காணம் பக்கத்து நிலம் குத்தகைக்கு எடுத்த உப்புப் பாத்தி என்றால் அது சொந்த நிலம் ஆகாது. பிள்ளைகளுக்கு மாறுமா என்பதைக் குத்தகைப் பத்திரத்தின் நிபந்தனைதான் சொல்லும். ஊர் திரும்பியவர் வெளிநாட்டில் சம்பாதித்த வீட்டையும் கணக்கையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே முழுக் குடியிருப்பாளர் ஆனபின் வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அதைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கறுப்புப் பணச் சட்டம், 2015இன் கீழ் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம்.

செய்து முடிக்க வேண்டியவை

முதலில் பட்டியல். எந்த நாட்டில் என்ன, யார் பெயரில், எந்தப் பத்திரம், எந்தக் கணக்கு, யாருக்கு எவ்வளவு கடன், மனைவிக்குத் தர வேண்டிய மஹர் பாக்கி உண்டா என்பதை ஒரு நோட்டில் எழுதி, மனைவியும் பிள்ளைகளில் ஒருவரும் அறிய வைக்க வேண்டும். அடுத்து, இந்தியச் சொத்துக்கு ஓர் உயில், பிரெஞ்சுச் சொத்துக்குத் தனி உயில். இங்கே ஓர் எச்சரிக்கை. பத்திர எழுத்தர்கள் வழக்கமாகச் சேர்க்கும் "இதற்கு முன் எழுதிய உயில்கள் யாவும் ரத்து" என்ற வரி, மற்ற நாட்டில் எழுதிய உயிலையும் ரத்து செய்துவிடக்கூடும். "இந்தியாவில் உள்ள சொத்தைப் பொறுத்தமட்டில்" என்று அந்த வரியைக் கட்டுப்படுத்த வேண்டும். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் பதிவு செய்தால் தொலையாது, பின்னால் மறுப்பதும் கடினம்.

பெண்களின் பாகத்தை விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்ளும் வழக்கத்தை ஜமாஅத்துகள் கண்டிக்க வேண்டும். மகள் மனமுவந்து விட்டுக்கொடுத்தாளா, அண்ணன் தம்பி முகத்துக்காகக் கையெழுத்துப் போட்டாளா என்பதைப் பத்திரம் சொல்லாது. பாகத்தை முதலில் அவள் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, பிறகு அவள் விரும்பினால் கொடுக்கட்டும்.

ஒவ்வொரு பள்ளிவாசல் நிர்வாகமும், அதேபோல் இந்தக் கரையோரத்துக் கோயில், தேவாலய நிர்வாகங்களும், சபர் போனவர்கள் விடுமுறைக்கு ஊர் வரும் காலத்தில் ஆண்டுக்கு ஒரு நாள் முகாம் நடத்தலாம். பதிவுத் துறை தெரிந்த வழக்கறிஞர், பிரெஞ்சுச் சட்டம் அறிந்தவர், கணக்காயர், ஆலிம் என நான்கு பேர் உட்கார்ந்தால் ஒரு நாளில் நூறு குடும்பங்களின் சந்தேகம் தீரும். அதுவரை காத்திருக்காமல், இதைப் படிப்பவர்கள் இந்த வாரமே வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து அந்தப் பட்டியலை எழுதத் தொடங்குங்கள்.